அணைக்கரையில் நின்று வானத்தை எண்ணுவது: ரெட்மயர்ஸ் நீர்த்தேக்கங்களில் இலையுதிர்கால வலசை

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகருக்கு மேற்கே, வீடுகள் முடிந்து ஹெதர் புதர் மண்டிய, மரங்களற்ற 'மூர்' என்ற மேட்டுநிலம் தொடங்குமிடத்தில், ரெட்மயர்ஸ் என்ற பெயரில் மூன்று நீர்த்தேக்கங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. 1832இல் ஷெஃபீல்டில் காலரா பரவி 402 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு நகரத்துக்கு நல்ல குடிநீர் கொண்டுவருவதற்காகக் கட்டப்பட்டவை இவை. நடு அணை 1836இலும், கீழணை 1849இலும், மேலணை 1854இலும் முடிந்தன. கடல் மட்டத்துக்கு 300 மீட்டருக்கு மேலே இருக்கும் இந்த இடத்துக்கு ஆகஸ்டு முதல் நவம்பர் வரை, விடியும் முன்பே பறவை நோக்கர்கள் வந்துவிடுவார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நம் ஊர் ஏரியை மனத்தில் வைத்துக்கொண்டு இங்கே போனால் ஏமாற்றம்தான். வேடந்தாங்கலில் நீர்தான் பறவைகளை இழுக்கிறது. மூர் நீர்த்தேக்கத்தின் நீரோ கரிமண்ணில் ஊறி வந்தது. தேநீர் நிறம், அமிலத்தன்மை, ஊட்டச்சத்துக் குறைவு. ஆழம் அதிகம், கரை முழுக்கக் கல் பாவியது. பூச்சி, புழு, நீர்த்தாவரம் எல்லாமே சொற்பம். ஒரு சாதாரண நாளில் சில மல்லார்டு வாத்துகளும் கொஞ்சம் கடற்காகங்களும் இருந்தால் அதிகம். அப்படியானால் ஏன் இங்கே வந்து நிற்க வேண்டும்? சுற்றிலும் மரமோ கட்டடமோ மறைக்காத அகன்ற வானம் ஒரு காரணம். மோசமான வானிலையில் சிக்கிக்கொண்ட நீர்ப்பறவைக்கு இருட்டில் மின்னும் இந்த நீர்ப்பரப்பு ஓர் அவசர இறங்குதளம் என்பது இன்னொரு காரணம். இரண்டுக்கும் தேவையான வானிலை வேறு, நிற்கும் விதமும் வேறு. இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளாதவர்கள்தான் பத்து முறை போய்விட்டு "அங்கே ஒன்றுமே இல்லை" என்கிறார்கள்.

எதிர்க்காற்று ஏன் நல்லது

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். வலசை அதிகம் நடக்கும் நாளும், நிறையப் பறவைகள் கண்ணில் படும் நாளும் ஒரே நாளாக இருக்க வேண்டியதில்லை. 1950களின் பிற்பகுதியில் பறவையியலாளர் டேவிட் லாக் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் ரேடார் திரையில் வலசையை ஆராய்ந்தபோது, தரையில் நிற்பவர் பார்ப்பது மொத்தத்தில் ஒரு சிறு பங்குதான் என்பது உறுதியானது. பெரும்பகுதி இரவில் போகிறது. பகலில் போவதிலும் பெரும்பகுதி கண்ணுக்கு எட்டாத உயரத்தில் போகிறது.

உயரத்தைத் தீர்மானிப்பது காற்று. முதுகுப் பக்கமிருந்து காற்று வீசினால் பறவை மேலே ஏறும். உயரே காற்றின் வேகம் அதிகம், அந்த வேகம் அதற்கு இலவசமாகக் கிடைக்கிறது. காற்று எதிரே வந்தால் அது தாழப் பறக்கும். தரையை ஒட்டிய காற்று, புல்லிலும் பாறையிலும் உராய்ந்து வேகம் குறைந்திருக்கும். இலையுதிர் காலத்தில் பறவைகள் தெற்கோ தென்மேற்கோ போகின்றன. ஆகவே தென்மேற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வீசும் மெல்லிய காற்று அவற்றைத் தலைக்கு மேல் 20, 30 மீட்டர் உயரத்துக்குக் கொண்டுவந்துவிடும். காற்றின் பலத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 2 அல்லது 3 சரியான வேகம். 5ஐத் தாண்டினால் சிறு பறவைகள் பெரும்பாலும் கிளம்பாது.

வடக்கிலிருந்து இதமான காற்று, மேகமே இல்லாத நீல வானம், பளிச்சென்ற வெயில்: மனிதனுக்கு அருமையான காலை, எண்ணிக்கைக்கு மோசமான காலை. அன்று பறவைகள் போகாமலில்லை. 500 மீட்டர் உயரத்தில் போகும் நெட்டைக்காலி என்ற சிறு பறவை நீல வானத்தில் கரைந்துவிடுகிறது. உயரத்தில் வெண்மேகம் பரவி, கீழே தெளிவாக இருக்கும் நாளில் அதே பறவை கரும்புள்ளியாகத் துலங்கும். எனவே 'நல்ல நாள்' என்று குறிப்பேட்டில் எழுதப்படுவது பறவைகளைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு மேகத்தைப் பற்றியும் சொல்கிறது.

இத்துடன் நிலத்தின் அமைப்பும் சேர்கிறது. பென்னைன் மலைத்தொடர் வடக்கு தெற்காக ஓடுகிறது. ரெட்மயர்ஸுக்கு மேற்கே ஸ்டேனேஜ் எட்ஜ் என்ற பாறை விளிம்பு 458 மீட்டர் வரை உயர்கிறது. தாழப் பறக்கும் பறவை, மலை விளிம்பு, பள்ளத்தாக்கு, காட்டு ஓரம் போன்ற நீண்ட கோடுகளை ஒட்டிப் போக விரும்பும். மேட்டின் உச்சியை மேகம் மூடியிருந்தால் அதைக் கடக்கத் தயங்கி விளிம்பை ஒட்டியே நகரும். அகன்ற முகப்பில் பரவிப் போக வேண்டிய கூட்டம் அன்று ஒரு குறுகிய பாதையில் திரளும். ஆகவே எதிர்க்காற்று, உயர்ந்த மேகம், மேட்டு உச்சியில் மட்டும் மூட்டம் ஆகிய மூன்றும் கூடிய காலையை விடக்கூடாது.

முன்னறிவிப்பைப் படிப்பதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன. வானிலையாளர் 'தென்மேற்குக் காற்று' என்றால் அது தென்மேற்கிலிருந்து வருவது. ஆனால் பல செயலிகளில் அம்புக்குறி காற்று போகும் திசையைக் காட்டும். இதில் குழம்பினால் நேர் எதிர்நாளில் போய் நிற்பீர்கள். இன்னொன்று, நகரத்துக்குச் சொன்ன முன்னறிவிப்பை மேட்டுக்கு எடுத்துக்கொள்வது. நகரத்தில் 'தாழ்ந்த மேகம்' என்றால் 300 மீட்டரில் அது மூடுபனி. குளிரும் இரண்டு டிகிரி கூடும், காற்றின் பலமும் ஒரு படி ஏறும். மேகத்தின் அடிமட்ட உயரம் எவ்வளவு என்று பார்க்காமல் புறப்பட வேண்டாம்.

எப்போது எது வரும்

வலசை ஜூலையிலேயே தொடங்கிவிடுகிறது. மூர் ஓடைகளில் குஞ்சு பொரித்த உள்ளான்கள் கீழிறங்கி அணைக்கரையோரம் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். ஆகஸ்டு இறுதியில் வீட்இயர் என்ற சிறு பறவை, மஞ்சள் வாலாட்டி. செப்டம்பர் முழுக்கப் புல்வெளி நெட்டைக்காலியின் மாதம். இரண்டாம் வாரத்திலிருந்து மாத இறுதி வரை நல்ல காலையில் நூற்றுக்கணக்கில், சில நாள் ஆயிரத்தைத் தாண்டியும் போகும். கூடவே தகைவிலான்.

தகைவிலான் தமிழ்நாட்டிலும் குளிர்காலத்தில் மின்கம்பிகளில் வரிசையாக உட்காரும் அதே இனம். ஆனால் இரண்டுக்கும் பாதை வேறு. நம்மிடம் வருபவை ஆசியாவின் வடபகுதியைச் சேர்ந்தவை. பிரிட்டனின் தகைவிலான்கள் சஹாராவைக் கடந்து தென்னாப்பிரிக்கா வரை போகின்றன. 1911 மே மாதத்தில் ஸ்டாஃபோர்ட்ஷையரில் காலில் வளையம் மாட்டப்பட்ட ஒரு தகைவிலான் 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அகப்பட்டபோதுதான் அது முதன்முதலாக நிரூபணமானது. ரெட்மயர்ஸில் தெற்கே போகும் ஒவ்வொரு தகைவிலானுக்கும் இன்னும் சுமார் 10,000 கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது.

செப்டம்பர் நடுவிலேயே ஐஸ்லாந்து, கிரீன்லாந்திலிருந்து இளஞ்சிவப்புக் கால் வாத்துகள் லங்காஷையர் சதுப்புகளுக்கு வந்துசேரும். அங்கிருந்து ஒரு பகுதி நார்ஃபோக் கரைக்கு நாட்டைக் குறுக்கே வெட்டிப் போகும். அந்த நேர்கோட்டின் மேல்தான் ஷெஃபீல்டு இருக்கிறது. 'விங்க்-விங்க்' என்ற கூவல் முதலில் வரும், பிறகு மேற்கு வானில் வளைந்த கோடு தெரியும். அக்டோபர் வந்தால் ரெட்விங், ஃபீல்டுஃபேர் என்ற இரண்டு வடதேசப் பூங்குருவிகள், சாஃபின்ச், பிராம்ப்ளிங், வானம்பாடி, ஸ்டார்லிங் எல்லாம் ஒன்றாக வரும். ரோவன் மரங்களில் பழம் மிச்சமிருந்தால் ரிங் ஊசல் என்ற மூர்க் கரும்பறவை சில நாள் தங்கும்.

மரப்புறாவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும். அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் முதல் பத்து நாள் வரை, பெரும்பாலும் முதல் உறைபனிக்குப் பிந்தைய தெளிந்த காலைகளில், அவை நூறு நூறாக, முந்நூறு முந்நூறாகத் தெற்கு நோக்கிப் போகும். விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் எண்ணிக்கை ஆயிரங்களைத் தொட்டுவிடும். இவை எங்கிருந்து வருகின்றன? பிரிட்டனின் மரப்புறா ஊரைவிட்டு நகராதது என்றே வளையத் தரவுகள் சொல்கின்றன. வட கடலைக் கடந்து வருபவை என்றால் கிழக்குக் கரையில் அதே அளவுக்கு வந்திறங்குவது தெரிய வேண்டுமே. விவாதம் இன்னும் முடியவில்லை. அதனால்தான் மேட்டுப் பகுதிகளில் திசையோடும் நேரத்தோடும் எடுக்கப்படும் எண்ணிக்கைக்கு மதிப்பு கூடுகிறது.

நிற்பதும் எண்ணுவதும்

சூரியன் உதிப்பதற்கு அரை மணி முன்பே இடத்தில் இருக்க வேண்டும். ஷெஃபீல்டில் செப்டம்பர் தொடக்கத்தில் உதயம் காலை 6:15 அளவில், அக்டோபர் நடுவில் 7:30. பிரிட்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவதால் நவம்பரில் மறுபடி 7 மணிக்கு வந்துவிடும். இதை மறந்து தாமதமாகப் போய் மரப்புறாவைத் தவறவிட்டவர்கள் ஏராளம். இரவெல்லாம் பறந்த பூங்குருவிகள் இறங்குவது அந்த முதல் அரை மணியில்தான். அதன்பின் நெட்டைக்காலி, ஃபின்ச் வகைகள், வானம்பாடி என்று பகல் பயணிகள் தொடர்வார்கள். மூன்று மணி நேரத்தில் ஓட்டம் பெரும்பாலும் வடிந்துவிடும். பகலில் போகும் சிறு பறவைகள் காலையில் பறந்து மற்ற நேரத்தில் இரை தேடும். ஆனால் வாத்துகளும் வேட்டைப் பறவைகளும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாதவை.

உதயச் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வடக்கு, வடமேற்கு நோக்கி நில்லுங்கள். வருகிற பறவையின் மீது வெளிச்சம் விழும், நிறம் தெரியும். அணைச் சுவரின் காற்றடிக்காத பக்கம் ஒதுங்குவது நல்லது. காற்று காதில் மோதினால் குரல் கேட்காது, பாதிப் பறவைகளைக் குரலால்தான் கண்டறிகிறோம். சுவருக்குக் கீழே முழுதாகப் பதுங்கினாலோ அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரல் அடைபட்டுப்போகும். தோளளவு மறைவு போதும். 8×42 அல்லது 10×42 இருகண் நோக்கிதான் முக்கியக் கருவி. தொலைநோக்கி நீர்ப்பரப்புக்கும் தொடுவானத்து வாத்துக் கூட்டத்துக்கும் மட்டும்.

குரல்களில் ஏழெட்டைப் பழகினால் போதும். மெல்லிய 'ஸிப்-ஸிப்' நெட்டைக்காலி. ஈரமான 'ச்சிருப்' வானம்பாடி. மென்மையான ஒற்றை 'யுப்' சாஃபின்ச். மூக்கால் முனகும் 'ட்ஸ்வே' பிராம்ப்ளிங். ஊசிபோல் இழுக்கும் 'ஸீஈ' ரெட்விங், கூழாங்கற்களைத் தட்டுவது போன்ற 'சாக்-சாக்' ஃபீல்டுஃபேர். சோகமான ஒற்றைச் சீழ்க்கை கேட்டால் பொன் உப்புக்கொத்தி. சாஃபின்ச்சும் பிராம்ப்ளிங்கும் கலந்தே வரும். நூறு சாஃபின்ச்சில் இரண்டு பிராம்ப்ளிங் இருப்பதைக் கண் தவறவிடும், காது விடாது. அடையாளம் தெரியாததை 'ஏதோ ஒரு ஃபின்ச்' என்றே எழுத வேண்டும். ஊகித்துப் பெயர் வைப்பது பதிவைக் கெடுக்கும்.

எண்ணும் முறை இது. எதிரே இரண்டு நிலைக்குறிகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு வேலிக்கம்பம், தூரத்து மரம் என்று வைத்துக்கொள்ளலாம், அவற்றுக்கு நடுவே ஒரு கற்பனைக் கோடு. அதைக் கடக்கும் பறவை மட்டுமே கணக்கு. சிறு கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணலாம். பெரிய கூட்டத்தில் முதல் பத்தை எண்ணி, அந்தப் பத்து அடைக்கும் இடத்தைக் கண்ணில் பிடித்து, அதே அளவாகக் கூட்டத்தின் கடைசி வரை பத்து, இருபது, முப்பது என்று நகர்த்த வேண்டும். பழகாத கண் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடும்; வாத்துக் கூட்டத்தைப் படமெடுத்து வீட்டில் எண்ணி, களத்தில் சொன்ன எண்ணோடு ஒப்பிட்டால் ஒரு பருவத்தில் கண் திருந்திவிடும். மரப்புறா நாளில் ஆபத்து வேறு. அருகிலுள்ள கூட்டத்தை எண்ணிக்கொண்டிருக்கும்போதே தொடுவானத்தில் இன்னொன்று சத்தமில்லாமல் கடந்துபோகும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நோக்கியால் வானத்தின் விளிம்பை ஒரு சுற்று சுற்ற வேண்டும். இருவர் இருந்தால் ஒருவர் மேலேயும் ஒருவர் தொடுவானத்தையும் பிரித்துக்கொள்வது உத்தமம்.

வலசையல்லாததைக் கழிப்பது கடினமான பாடம். விடியலில் கடற்காகங்கள் இரவுத்தங்கலிலிருந்து இரைக்குப் போகும், ஜாக்டா காகங்கள் கூட்டமாகக் கிளம்பும், ஆள்காட்டிகள் வயலுக்கு வயல் மாறும். இவை அன்றாட நடமாட்டம். நெட்டைக்காலி இன்னும் சிக்கலானது: மூரிலேயே இறங்கி மேய்ந்து, கலைந்து, வட்டமிட்டு மறுபடி இறங்கும். ஒரே திசையில் தயங்காமல் கண்மறையப் போவதை மட்டும் எழுதுங்கள். ஒரு கூட்டம் கோட்டைக் கடந்தபின் திரும்பி வந்தால் அந்த எண்ணைக் கழிக்க வேண்டும். கழிக்கத் தயங்கினால் அதே இருநூறு பறவை மூன்று முறை பதிவாகிவிடும்.

ஒவ்வொரு மணி நேரத்துக்கும் தனிப் பத்தி. அதில் இனம், எண்ணிக்கை, திசை. மேலே காற்றின் திசையும் வேகமும், வானத்தில் எட்டில் எத்தனை பங்கு மேகம், பார்வைத் தூரம், மழை. எண்ணத் தொடங்கிய நேரமும் முடித்த நேரமும் கட்டாயம். நெதர்லாந்தில் தொடங்கிய டிரெக்டெலன் இணையதளம் ஐரோப்பா முழுவதும் இப்படிப்பட்ட எண்ணிக்கைகளைச் சேர்க்கிறது. இரண்டு மணி நேர எண்ணிக்கையையும் ஐந்து மணி நேர எண்ணிக்கையையும் அங்கே ஒப்பிட முடிவது இந்த நேரக் குறிப்பால்தான். ஒன்றுமே வராத காலையையும் பதிவிட வேண்டும். நல்ல நாள்கள் மட்டும் சேர்ந்த ஏட்டிலிருந்து, ஓர் இனம் குறைகிறதா என்பதை யாராலும் சொல்ல முடியாது.

மழை வந்தால் திரும்பிப் பாருங்கள்

வானத்து எண்ணிக்கைக்கு எந்த வானிலை கெட்டதோ அதுவே நீருக்கு நல்லது. இரவு தெளிவாகத் தொடங்கி, பறவைகள் கிளம்பிய பிறகு நள்ளிரவில் மழையோ தாழ்ந்த மேகமோ குறுக்கிட்டால், நிலத்தைக் கடந்துகொண்டிருந்த கடல் பறவைகளும் கரைப்பறவைகளும் வழி தெரியாமல் இறங்கும். கடலில் வாழும் கரிய ஸ்கோட்டர் வாத்து ஏரிகளில் சாதாரணமாக இருக்காது. ஆனால் ஜூலையிலிருந்தே பெருமழைக் காலையில் மூர் நீர்த்தேக்கத்தின் நடுவே பத்து இருபது சேர்ந்து மிதக்கலாம். ஆகஸ்டு, செப்டம்பரில் கிழக்குக் காற்றோடு மழை வந்தால் ஆலாக்கள். இவை காத்திருக்காது. மழை விட்டு மேகம் மேலே ஏறியதும், சில சமயம் பத்தே நிமிடத்தில், சுழன்று உயர்ந்து போய்விடும். மழை நின்றபின் கிளம்பலாம் என்று வீட்டில் இருப்பவர் வந்துசேரும்போது வெறும் தண்ணீர்தான் இருக்கும்.

கரைப்பறவைகளுக்கு நீர்மட்டமும் ஒத்துழைக்க வேண்டும். வறண்ட கோடைக்குப் பிறகு மட்டம் இறங்கி ஓடை வாயில் சேறு வெளிப்பட்டிருந்தால் டன்லின், பச்சைக்காலி, உப்புக்கொத்திகள் சில மணி நேரமாவது தங்கும். நீர் கல்விளிம்பு வரை நிறைந்திருந்தால் கால் வைக்க இடமில்லை, குரல் மட்டும் மேலே கேட்டு நகர்ந்துவிடும். மூன்று தேக்கங்களின் மட்டமும் ஒரே மாதிரி இருப்பதில்லை, எனவே மூன்றையும் பார்க்க வேண்டும். அந்தச் சேற்றில் மட்டும் இறங்காதீர்கள். மேலே காய்ந்த தோல், கீழே முழங்கால் புதையும் கரிமண் களி. தண்ணீரோ இலையுதிர் காலத்திலும் உடலை விறைக்க வைக்கும் குளிர்.

திசைப் பத்தியைச் சிலர் வீண் வேலை என்று விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்கு ஜனவரி ஒரு பதில் வைத்திருக்கிறது. அக்டோபரில் தென்கிழக்காக நார்ஃபோக் போன இளஞ்சிவப்புக் கால் வாத்துகள், கரும்புச் சர்க்கரைக்குப் பதில் அங்கே பயிராகும் சர்க்கரைக் கிழங்கின் அறுவடை மிச்சத்தைத் தின்று தீர்த்தபின், அதே அணைகளுக்கு மேலாக வடமேற்கே லங்காஷையருக்குத் திரும்பும். குளிர்காலத்தின் நடுவில் ஒரு நாள் போகும் கூட்டம் இன்னும் நார்ஃபோக்குக்குப் போகிறதா, அல்லது திரும்பத் தொடங்கிவிட்டதா? 'வாத்து, 240' என்று மட்டும் எழுதிய ஏட்டில் இதற்கு விடை கிடையாது. 'வாத்து, 240, வடமேற்கு, காலை 9:10' என்று எழுதியதில் உண்டு.